தாமான் ரோந்துக்கு புதுசா வர்றவங்களுக்கு: ஷிப்ட் லிஸ்ட்லேர்ந்து சம்மன் வரைக்கும்

மலேசியாவுல, பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட்டுக்கு புதுசா குடி வந்த ரெண்டு மூணு குடும்பம் போன மாசம் கேட்டாங்க, அண்ணே ராத்திரி ரோந்துல சேரணும், என்ன செய்யணும்னு. ஒவ்வொருத்தருக்கா வாய்ஸ் மெசேஜ் அனுப்பி தொண்ட காஞ்சு போச்சு, அதான் எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி வச்சிடலாம்னு உக்காந்துட்டேன். நான் போலீஸ் இல்ல லா, லோரி ஒர்க்ஷாப் வச்சிருக்கவன். ஆனா எங்க தாமான்ல, அதான் குடியிருப்பு பகுதியில, ரோந்து லிஸ்ட் போடறது ஏழு வருஷமா என் தலையில தான், யாரு எந்த ராத்திரி என்ன சாக்கு சொல்வாங்கன்னு காலண்டர் பாக்காமலே சொல்லுவேன்.

மொதல்ல ஒரு கணக்கு. இது தெரியாம யாரும் வெஸ்ட் (ரோந்து மேல்சட்ட) மாட்டிக்கிட்டு கெளம்பாதீங்க. ஒரு போலீஸ் ரோந்து கார் 24 மணி நேரமும் ரோட்டுல இருக்கணும்னா ஒரு சீட்டுக்கு எத்தன ஆளு வேணும்? மூணு ஷிப்ட், ஆளுக்கு 8 மணி நேரம், அப்ப மூணு பேருன்னு நெனைப்பீங்க, நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு கோப்பிக்கடைல ஒக்காந்து போலீஸ திட்டிக்கிட்டு இருந்தேன். ஆனா வருஷத்துக்கு 8,760 மணி நேரம். ஒரு ஆளுக்கு வார லீவு, பெருநாள் லீவு, ஆண்டு லீவு, எம்சி (மெடிக்கல் லீவு), கோர்ட்டுக்கு சாட்சி சொல்ல போற நாளு, கோர்ஸ் போற நாளு எல்லாம் கழிச்சா சுமாரா 220 நாள் தான் ஷிப்ட்டுக்கு நிப்பாரு. 220 தடவ 8, அது 1,760 மணி நேரம். 8,760ஐ இதால வகுத்து பாருங்க, அஞ்சு வரும். அதாவது ஒரு சீட்டுக்கு அஞ்சு பேரு, கார்ல ரெண்டு பேரு உக்காரணும், அப்ப ஒரே ஒரு கார் ஓய்வில்லாம ஓடறதுக்கே பத்து பேரு. கவுன்ட்டர்ல ரிப்போர்ட் எழுத ஆளு, லாக்கப் பாக்க ஆளு, கைதிய கோர்ட்டுக்கு கொண்டு போக ஆளு, இதெல்லாம் அந்த பத்துல சேராது.

இப்ப நம்ம ஊர பாருங்க. டவுன் சின்னது தான், ஆனா சுத்தி செம்பனையும் (பாமாயில் மரம்) பால்மரமுமா (ரப்பர்) தோட்டம் தோட்டமா விரிஞ்சு கெடக்கு, நடுவுல கம்பம் (கிராமம்), லயம் (தோட்டத்து வரிசை வீடு), புது தாமான். ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு மூலைல சண்டைன்னு கார் அங்க போயிருக்கும்போது இன்னொரு மூலைல உங்க வீட்டு கேட்ட எவனோ ஆட்டறான்னா, கார் வர நேரம் ஆகத்தான் செய்யும். அந்த எடவெளிய அடைக்கத்தான் நாம இருக்கோம். எடவெளிய அடைக்கத்தான், போலீஸ் வேலைய செய்ய இல்ல. இத நான் அப்பறமும் சொல்வேன், ஏன்னா எல்லாரும் தப்பு பண்றது இங்க தான்.

சரி, சேர்றது எப்படி. தனியா நாலு நண்பர்கள் சேர்ந்து கட்டைய தூக்கிக்கிட்டு சுத்தறது ரோந்து இல்ல. ருக்குன் தெத்தாங்காவுக்கு (அக்கம்பக்கத்து அமைப்பு) கீழ எஸ்.ஆர்.எஸ்னு தன்னார்வ ரோந்து திட்டம் இருக்கு, அதுக்கு 2012ல வந்த தனி சட்டமே இருக்கு, 751ஆம் சட்டம். உங்க தாமான்ல ஏற்கனவே ருக்குன் தெத்தாங்கா இருந்தா தலைவர பாருங்க, இல்லன்னா மாவட்டத்துல ஒற்றுமை துறை ஆபீஸ் இருக்கு, அங்க போய் கேளுங்க, ஐசி (அடையாள கார்ட்) காப்பி கைல இருக்கட்டும். பேரு ஏறினதும் போலீஸ் தரப்புலேர்ந்து ஒரு விளக்கம் இருக்கும், அத தவற விடாதீங்க, அன்னைக்கு தான் பாலாய்ல (போலீஸ் ஸ்டேஷன்ல) இருக்கவங்களுக்கு உங்க மொகம் தெரியும். ஒரு சின்ன விஷயம், ருக்குன் தெத்தாங்கா 1975ல ஆரம்பிச்சப்ப தேசிய ஒற்றுமை வாரியத்துக்கு தலைவரா இருந்தவரு யாரு தெரியுமா, நம்ம சுங்கை சிப்புட்டுல பொறந்த துன் சம்பந்தன். அந்த காலத்துல ரோந்து ஆம்பளைங்களுக்கு கட்டாயம், வரலன்னா பதில் சொல்லணும். இப்ப விருப்பப்பட்டவங்க தான், அதனால லிஸ்ட் போடறவன் பாடு திண்டாட்டம்.

அடுத்த வேல, பாலாய்க்கு போங்க. எந்த பிரச்சனையும் இல்லாத ஒரு பகல் நேரத்துல போங்க. மூணு விஷயம் கேட்டு எழுதிக்கோங்க: கவுன்ட்டர் நேரடி நம்பர், ஷிப்ட் மாறுற நேரம், நம்ம ஏரியாவுக்கு ரோந்து பொறுப்பு யாரு. ஷிப்ட் மாறுற நேரம் ஏன் கேக்கணும்னா, அந்த கொஞ்ச நேரம் பழைய ஆளுங்க ஒப்படைச்சுக்கிட்டு இருப்பாங்க, புது ஆளுங்க பேரு கொடுத்து ரேடியோ, வண்டி எல்லாம் வாங்கிக்கிட்டு இருப்பாங்க. தோட்டத்துல வளந்தவங்களுக்கு இது சொல்லாமலே புரியும், காலைல பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) நடக்கறப்ப மரத்துகிட்ட யாரும் இருக்க மாட்டாங்கல்ல, அதே கதை. நாம அந்த நேரத்துல தாமான்ல நடமாடணும். எங்க முதல் லிஸ்ட்டுல நான் இத யோசிக்கவே இல்ல, போலீஸ் ஷிப்ட் மாறுற அதே நேரத்துல நாங்களும் மாறிக்கிட்டு தே தாரே (இழுத்து ஆத்துன டீ) குடிச்சுக்கிட்டு இருந்தோம். ரெண்டு கடைவீட்ல பூட்டு ஒடஞ்ச அப்பறம் தான் ஒருத்தருக்கு மூளைல பட்டுச்சு, அந்த ஒருத்தர் நான் இல்ல, என் வீட்டுக்காரம்மா.

இனிமே லிஸ்ட். இங்க தான் கொஞ்சம் நேரம் எடுத்து படிங்க.

பேரு குடுத்தவங்க எத்தன பேருன்னு பாக்காதீங்க, வர்றவங்க எத்தன பேருன்னு பாருங்க. எங்களுக்கு ஆரம்பத்துல 50 பேரு கையெழுத்து போட்டாங்க, மூணாவது வாரம் நின்னது 28. ஒரு குழுவுக்கு நாலு பேரு வேணும், ரெண்டு ரெண்டா பிரிஞ்சு நடக்கறதுக்கு, தனியா யாரும் நடக்கவே கூடாது. ராத்திரிக்கு ஒரு குழு, ஏழு ராத்திரி, அதுவே 28 எடம். அதாவது ஒவ்வொருத்தரும் வாரம் தவறாம ஒரு ராத்திரி முழிக்கணும், யாருக்கும் காய்ச்சல் வரக்கூடாது, யாரு வீட்லயும் கல்யாணம் கருமாதி நடக்கக்கூடாது. நடக்கற காரியமா அது? ரெண்டு மாசத்துல படுத்துருச்சு. அதனால புதுசா ஆரம்பிக்கறவங்க ஏழு ராத்திரி ஆசைய விடுங்க. வாரத்துக்கு மூணு ராத்திரி போதும், 12 எடம், 28 பேருக்கு ரெண்டு வாரத்துக்கு ஒரு முறைக்கும் கொறவா தான் டர்ன் வரும், அப்ப லீவு போடறவனுக்கு பதிலா கூப்பிட ஆளு மிச்சம் இருக்கும். எந்த மூணு ராத்திரின்னு வாரா வாரம் மாத்துங்க, செவ்வா வெள்ளி சனின்னு போர்டுல எழுதி ஒட்டாதீங்க, திருடனுக்கும் படிக்க தெரியும்.

ஆனா சில ராத்திரி மாத்தவே கூடாது. சம்பளம் போடற நாளு. தோட்டத்துலயும் பேக்டரிலயும் சம்பளம் விழுற அன்னைக்கும் அடுத்த நாளும் டவுன்ல பணம் நடமாடும், சம்சு சாராயமும் நடமாடும், சண்டையும் கூடவே வரும். அப்பறம் தீபாவளிக்கு முந்துன வாரம், ஸ்கூல் லீவு விட்டு எல்லாரும் ஊருக்கு போற வாரம். வீட்ட பூட்டிட்டு போறவங்க பாலாய்லயே தகவல் குடுத்துட்டு போலாம், அதுக்கு பூர்த்தி பண்ற பாரம் (form) இருக்கு, போலீஸே கேட்டுக்கறாங்க, ஆனா நம்ம ஆளுங்க பாரம் எழுத மாட்டாங்க, பேஸ்புக்குல மட்டும் லங்காவி போட்டோ போடுவாங்க.

யாருக்கு எந்த நேரம்ங்கறது இன்னொரு தலவலி. நான் முதல்ல பேரு வரிசைப்படி போட்டேன், ஆனந்தன்லேர்ந்து ஆரம்பிச்சு நேரா கீழ. சுத்த முட்டாள்தனம். செம்பனை குலை வெட்டற ஆளு விடியக்காத்தால நாலரைக்கு எழுந்திரிக்கணும், அவர ஒரு மணி வரைக்கும் முழிக்க வச்சா அடுத்த நாள் கைல அருவாளோட மரத்துக்கு கீழ தூங்கி விழுவாரு. அவருக்கு பத்து மணிலேர்ந்து பன்னெண்டு. பேக்டரி பஸ்ல போறவங்கள அவங்க ஷிப்ட் பாத்துட்டு போடுங்க, ராத்திரி ஷிப்ட் வாரத்துல அவங்கள கணக்குலயே சேக்காதீங்க. ரிட்டயர்ட் ஆன பெரியவங்களுக்கு எப்படியும் மூணு மணிக்கு முழிப்பு வந்துடும், அவங்க தான் விடியக்காலத்துக்கு தங்கம், மூணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் இளவட்டம் நடந்துக்கிட்டே தூங்கும். ஒரே ஆள தொடர்ந்து ரெண்டு ராத்திரி போடாதீங்க. நேரத்த மாத்தணும்னா முன்னால இருந்து பின்னால தள்ளுங்க, இந்த வாரம் பத்து மணின்னா அடுத்த தடவ பன்னெண்டு, அப்பறம் ரெண்டு. தலைகீழா மாத்துனா ஒடம்பு ஒத்துக்கறது கஷ்டம், ஷிப்ட் வேல பாத்தவங்க எல்லாருக்கும் இது தெரியும்.

நடக்கறது எப்படி. சுத்தி சுத்தி வந்தா போதும்னு நெனைக்காதீங்க. என் தங்கச்சி மவன் யூனில குற்றவியல் படிக்கறான், அவன் சொன்னான், அமெரிக்காவுல கான்சஸ் சிட்டின்னு ஒரு ஊர்ல 1972, 73ல ஒரு சோதன பண்ணாங்களாம். சில ஏரியால ரோந்து கார ரெண்டு மூணு மடங்கு ஆக்கி, சில ஏரியால வழக்கமான ரோந்தயே நிறுத்திட்டு, கூப்பிட்டா மட்டும் போய், பாத்தா குற்றத்துல சொல்லிக்கற மாதிரி வித்தியாசமே இல்லயாம். எனக்கு மொதல்ல கோவம் தான் வந்துச்சு, அப்ப நாங்க ஏழு வருஷமா நடந்தது தண்டமா டான்னு. அப்பறம் அவனே சொன்னான், சும்மா சுத்தறது தான் பிரயோஜனமில்ல மாமா, தொல்லை நடக்கற எடமா பாத்து ஒரு பத்து பதினஞ்சு நிமிஷம் நின்னுட்டு நகந்தா பலன் இருக்கு, அதுக்கு தனியா ஆராய்ச்சி இருக்குன்னு. அதுலேர்ந்து எங்க ரூட்ட மாத்திட்டோம். விளக்கு எரியாத சந்து, காலியா கெடக்கற கடைவீடு, தோட்டத்து மண்ரோடு தாமானுக்குள்ள நொழையற வாய், ஸ்கூல் பின்பக்கம், இப்படி அஞ்சாறு எடம், ஒவ்வொன்னுலயும் நின்னு, டார்ச் அடிச்சு, நோட்டு புக்குல நேரம் எழுதிட்டு தான் நகரணும். வரிசைய ஒவ்வொரு ராத்திரியும் மாத்துங்க.

நோட்டு புக்க அலட்சியமா நெனைக்காதீங்க. நேரம், எடம், வண்டி நம்பர், என்ன பாத்தோம், யாருக்கு போன் பண்ணோம், அவ்ளோ தான். "சந்தேகமா ஒரு ஆளு" அப்படின்னு எழுதாதீங்க, அது ஒன்னுத்துக்கும் ஒதவாது. "2.40, வெள்ள லோரி, லைட் போடல, குலை ஏத்தி இருந்துச்சு, தோட்டத்து பின்ரோட்லேர்ந்து வந்துச்சு", இப்படி எழுதுங்க. செம்பனை குலை திருட்டு இப்படித்தான் நடக்கும், ஆனா பின்னால மோட்டார்ல தொரத்தாதீங்க, அருவாளும் கையுமா இருக்கற ஆளுங்க அவங்க. நம்பர் எடுத்துட்டு பாலாய்க்கும் தோட்டத்து ஆபீஸுக்கும் சொல்லுங்க. தோட்டத்துக்குள்ள ஜாகா (காவலாளி) இருப்பாரு, சில பெரிய தோட்டத்துல போலீஸ் பந்துவான் (துணை போலீஸ்) இருப்பாங்க, அது அவங்க எல்லை, நாம கேட்டுக்கு வெளிய. எங்க தாத்தா கதை சொல்வாரு, 1948 ஜூன் 16ல நம்ம பக்கம் எல்பில் தோட்டத்துலயும் பின் சூன் தோட்டத்துலயும் மூணு வெள்ளக்கார தொரைங்கள சுட்டாங்க, ரெண்டே நாள்ல நாடு முழுக்க அவசரகாலம், அப்பறம் தோட்டத்துக்கு தோட்டம் ஸ்பெஷல் கான்ஸ்டபிள்னு ஆள் எடுத்து துப்பாக்கி குடுத்து காவல் நிக்க வச்சாங்கன்னு. நமக்கு துப்பாக்கி இல்ல, டார்ச்சும் விசிலும் தான், அந்த கணக்குல நடந்துக்கோங்க.

பிடிக்கலாமா கூடாதா, புதுசா வர்றவங்க மொத நாளே கேக்கற கேள்வி. குற்றவியல் நடைமுறை சட்டம் 27ஆவது பிரிவு பொதுமக்கள் யாரா இருந்தாலும் பிடிக்கலாம்னு சொல்லுது, ஆனா உங்க கண்ணு முன்னால நடக்கணும், ஜாமீன்ல விட முடியாத, வாரன்ட் இல்லாம கைது பண்ணக்கூடிய பெரிய குற்றமா இருக்கணும், பிடிச்சா தாமதிக்காம போலீஸ் கிட்ட ஒப்படைக்கணும். சந்தேகம் பத்தாது. அடிக்கறது, கட்டி வைக்கறது, வீடியோ எடுத்து போடறது எதுக்கும் எடமில்ல, அப்பறம் லாக்கப்ல நீங்க தான் ஒக்காந்திருப்பீங்க. எங்க ஆளுங்க ரெண்டு பேரு ஒரு தடவ கட்டைய குறுக்க நீட்டி ஒரு மோட்டார நிறுத்திட்டாங்க, பாத்தா நைட் ஷிப்ட் முடிச்சு வர்ற நர்ஸ் பொண்ணு, பயந்து கீழ விழுந்து முட்டி பேந்து போச்சு. அடுத்த நாள் அந்த பொண்ணோட அப்பா வீட்டு வாசல்ல நின்னு கேட்டதெல்லாம் இங்க எழுத முடியாது. அவரு கேட்டது நியாயம். அன்னைலேர்ந்து எங்க குழுவுல கட்டை கெடையாது.

அதனால தான் டிராபிக் விஷயத்துல நம்ம எல்ல எதுன்னு தெளிவா வச்சுக்கோங்க. வண்டிய நிறுத்தி லைசன் கேக்கறது போலீஸும் ஜே.பி.ஜேவும் (சாலை போக்குவரத்து துறை), கார் பார்க்கிங் கொம்பவுண்ட் (அபராதம்) போடறது மஜ்லிஸ் (நகராட்சி). ரோந்துக்காரன் கைய காட்டி வண்டி நிறுத்த முடியாது, சம்மன் (போக்குவரத்து அபராத சீட்டு) கொடுக்கவும் முடியாது. கோயில் திருவிழா, ரத ஊர்வலம்னா கோயில் கமிட்டி தான் முன்கூட்டியே பெர்மிட் வாங்கணும், டிராபிக் போலீஸ் ரோட்ட பாத்துக்குவாங்க, நாம சனங்கள ஓரமா நடக்க சொல்றதோட சரி.

மோட்டார் ரேஸ் விடற பசங்கள என்ன பண்றதுன்னு கேப்பீங்க. நேரா ரோடு, போலீஸ் தூரம், பைப்ப மாத்தி சத்தம் வச்ச மோட்டாரு, சனிக்கிழம ராத்திரி. தொரத்துனா இன்னும் வேகமா போவாங்க, விழுந்தா நம்ம மேல தான் பழி. நேரம், எடம், நம்பர் மூணு வாரம் தொடர்ந்து எழுதி பாலாய்ல குடுங்க, அத வச்சு தான் அவங்க ரோட் பிளாக் போட ஆளு ஒதுக்குவாங்க, முன்னால சொன்ன பத்து பேரு கணக்க நெனச்சுக்கோங்க, எந்த ராத்திரின்னு தெரிஞ்சா தான் ஆளு அனுப்ப முடியும். இன்னொரு பக்கம் வீட்ல போய் பேசுங்க. பதினாறு வயசுக்கு முன்னால மோட்டார் லைசனே எடுக்க முடியாது, ஆபத்தா ஓட்டுனா சாலை போக்குவரத்து சட்டம் 42ஆவது பிரிவுல 5,000லேர்ந்து 15,000 ரிங்கிட் வரைக்கும் அபராதம், அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில். இத ஒரு அம்மா கிட்ட சொன்னேன், அடுத்த வாரம் மோட்டார் சாவி அவங்க இடுப்புல தொங்குச்சு.

குடிச்சிட்டு ஓட்டறவங்களுக்கும் சொல்லுங்க, 2020 அக்டோபர்லேர்ந்து அளவு கொறஞ்சிடுச்சு, 100 மில்லி ரத்தத்துக்கு 50 மில்லிகிராம் தான், முன்ன 80. மொத தடவையே 10,000 ரிங்கிட்லேர்ந்து அபராதம் ஆரம்பிக்கும். கள்ளுக்கடைலேர்ந்து வீடு அர மைல் தான்னு மெஷின் கிட்ட சொல்லி பிரயோஜனமில்ல.

நீங்களே ரோட் பிளாக்ல மாட்டினா, வேகத்த கொறைங்க, ஹெட்லைட்ட தணிச்சு உள் லைட்ட போடுங்க, கண்ணாடிய எறக்குங்க. யூனிபோர்ம் இல்லாம ஒருத்தரு நிறுத்துனா அதிகார கார்ட மரியாதையா கேளுங்க, இன்ஸ்பெக்டரும் அதுக்கு மேலயும் நீலம், அதுக்கு கீழ மஞ்சள், ரிசர்வ் போலீஸ் வெள்ள, செவப்புன்னா சஸ்பென்ட் ஆன ஆளு, அவருக்கு அதிகாரமே இல்ல. விபத்துன்னா 24 மணி நேரத்துக்குள்ள ரிப்போர்ட் போட்டுடுங்க, எதிராளி "பேசி முடிச்சுக்கலாம் பிரதர்"னு சொன்னாலும் சரி.

சம்மன தள்ளி போடற பழக்கம் நம்ம ஆளுங்களுக்கு ரத்தத்துல ஊறினது, எப்படியும் கழிவு குடுப்பாங்கன்னு. இனிமே கணக்கு மாறிடுச்சு. 2026 ஜனவரி 1லேர்ந்து சம்மன் வந்து 15 நாளுக்குள்ள கட்டுனா பாதி, 16லேர்ந்து 30 நாளுக்குள்ள மூணுல ஒரு பங்கு கழிவு, 60 வரைக்கும் முழுசு, அதுக்கு மேல கோர்ட். சில குற்றத்துக்கு இந்த சலுகையே இல்ல. போலீஸ் சம்மன் மைபாயார் ஆப்ல பாக்கலாம், ஜே.பி.ஜே சம்மன் மைஜே.பி.ஜேல. போன்ல வர்ற லிங்க தொடாதீங்க, "உங்களுக்கு சம்மன் இருக்கு, இந்த ஆப்ப ஏத்துங்க"ன்னு வர்றது அத்தனையும் டுபாக்கூர், தெரியாம பணம் போட்டுட்டா உடனே 997க்கு (பண மோசடி புகார் நம்பர்) அடிங்க, பேங்க் தொறக்கட்டும்னு காலைல வரைக்கும் காத்திருக்காதீங்க.

கடைசியா கைல என்னென்ன இருக்கணும்: ஐசி, ரோந்து கார்ட், வெஸ்ட், டார்ச்சுக்கு கூடுதல் பேட்டரி, விசில், முழு சார்ஜ் போன், மழைக்கோட்டு, ஷூ. சிலிப்பர் போட்டுட்டு வராதீங்க, லோரிலேர்ந்து சிந்துன செம்பனை பழம் மழைல ரோட்டுல மிதிபட்டு எண்ண மாதிரி ஆகிடும், போன வருஷம் நானே அங்க தான் மல்லாந்து விழுந்தேன். நோட்டு புக்கும் சமூக மண்டப சாவியும் ஒர்க்ஷாப் மேசை டிராயர்ல இருக்கும், ஞாயித்துக்கெழம ராத்திரி எட்டு மணிக்கு அடுத்த வாரத்து லிஸ்ட்ட குரூப்புல போடுவேன், வர முடியாதவங்க ஒம்பது மணிக்குள்ள சொல்லிடுங்க, பத்து மணிக்கு போன் ஆப் பண்ணிடற வேல வேணாம், வீடு எனக்கு தெரியும்.